சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையின்போது திரவம் கொடுப்பது எப்படி: தியேட்டருக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடக்கும் தியேட்டரில் முதன்முறையாக நோயாளியின் தலைமாட்டில் நிற்கப்போகும் முதலாமாண்டு மயக்கவியல் முதுநிலை மாணவர்களுக்கும், அவர்களுடன் வேலை செய்யும் மயக்கவியல் டெக்னீஷியன்களுக்கும் இதை எழுதுகிறேன். வடசென்னையில் ஸ்டான்லி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் பணிக்குச் சேர்பவர்களுக்கு இந்த அறுவை சிகிச்சை சீக்கிரமே அறிமுகமாகிவிடும். உயிருடன் இருக்கும் உறவினர் தரும் சிறுநீரகமாக இருந்தால் முன்கூட்டியே நாள் குறிக்கப்படும், மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து கிடைப்பதாக இருந்தால் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் ஒதுக்கீட்டுக்குப் பிறகு எந்த நேரத்திலும் அழைப்பு வரும். இரண்டிலும் நம் கையில் இருக்கும் மிக எளிய கருவி ட்ரிப்ஸ் பாட்டில்தான். எந்தத் திரவத்தை, எந்த நிமிடத்தில், எவ்வளவு வேகத்தில் ஓடவிடுகிறோம் என்பது புதிய சிறுநீரகம் மேசையிலேயே சிறுநீர் விடுமா, அல்லது நோயாளி இன்னும் சில வாரங்கள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு இருக்க வேண்டுமா என்பதைக் கணிசமாகத் தீர்மானிக்கிறது.

மற்ற அறுவை சிகிச்சைகளில் கற்ற கணக்குகள் இங்கே அப்படியே பொருந்தாது. இந்த நோயாளிக்குக் கூடுதலாகப் போன திரவத்தை வெளியேற்றும் வழி இல்லை. அதனால் பயந்து குறைவாகக் கொடுக்கத் தோன்றும். ஆனால் புதிதாகப் பொருத்தப்படும் சிறுநீரகத்துக்குத் தன் இரத்த ஓட்டத்தைத் தானே சீராக வைத்துக்கொள்ளும் திறன் முதல் சில மணி நேரங்களில் மிகக் குறைவு. நரம்புத் தொடர்பு அறுந்து, குளிர்ந்த கரைசலில் கிடந்து வந்திருக்கும் அந்த உறுப்பு, நோயாளியின் இரத்த அழுத்தம் தரும் இரத்தத்தையே நம்பி இருக்கிறது. எனவே நம் வேலை முழுவதும் ஒரே நோக்கத்தைச் சுற்றியது: கிளாம்ப் (தையல் முடியும் வரை இரத்த ஓட்டத்தை நிறுத்திவைக்கும் இடுக்கி) திறக்கும் நேரத்துக்குள் இரத்தக் குழாய்கள் நிரம்பியிருக்க வேண்டும், ஆனால் நுரையீரல் நனையக் கூடாது.

முதல் படி: முந்தைய நாள் நோயாளியிடம் உட்கார்ந்து பேசுங்கள்

தியேட்டரில் நடக்கும் திரவக் கணக்கின் பாதி, வார்டில் கேட்கும் கேள்விகளிலேயே இருக்கிறது. கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வந்துவிடாதீர்கள். நான்கு விஷயங்கள் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அவருடைய டிரை வெயிட் எவ்வளவு, அதாவது உடலில் கூடுதல் நீர் இல்லாதபோது அவர் எடை என்ன. கடைசி டயாலிசிஸ் எப்போது முடிந்தது, அதில் எத்தனை லிட்டர் எடுத்தார்கள். இப்போதைய எடை என்ன. ஒரு நாளைக்கு இன்னும் எவ்வளவு சிறுநீர் போகிறது.

இந்தக் கேள்விகளுக்கு எண்களாக மட்டும் பதில் வராது. துறைமுகத்தில் சுமை தூக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் அறுவை சிகிச்சைக்கு முந்தைய மாலையில், "கடைசியா எவ்ளோ எடுத்தாங்கண்ணே?" என்று கேட்டேன். "ரெண்டரை கிலோ மேடம். முடியும்போது காலெல்லாம் இஸ்துகிச்சி, எழுந்தா தலை சுத்திச்சி" என்றார். அந்த இரண்டாவது வாக்கியம்தான் எனக்கு வேண்டிய தகவல். டயாலிசிஸ் முடியும் தறுவாயில் கால் தசை இழுத்துக்கொள்வதும், எழுந்து நிற்கையில் தலை சுற்றுவதும், இரத்தக் குழாய்களிலிருந்து தேவைக்கு மேல் நீர் எடுக்கப்பட்டிருப்பதற்கான அடையாளங்கள். அப்படி வறண்ட நிலையில் வரும் நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்தவுடன் இரத்த அழுத்தம் சட்டென்று விழும். அறுவை சிகிச்சைக்கு முன் டயாலிசிஸ் தேவைப்பட்டால், டிரை வெயிட்டுக்குக் கீழே இறக்காமல், அதைவிட அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை மேலேயே நிறுத்த முடியுமா என்று சிறுநீரக மருத்துவரிடம் அன்றே பேசிவிடுவது நல்லது.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. கத்திரி வெயில் நாட்களில், தகரக் கூரை வீட்டில் இருந்துகொண்டு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னால் எத்தனை பேரால் முடியும்? கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் சாப்பாட்டில் சேரும் வீடுகளில் உப்பு தாகத்தை இன்னும் கூட்டும். இரண்டு டயாலிசிஸ்களுக்கு நடுவே மூன்று, நான்கு கிலோ ஏறி வருபவர்களை இங்கே அடிக்கடி பார்க்கிறோம். அவர்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. எடையைப் பாருங்கள், படுத்தால் மூச்சு வாங்குகிறதா என்று கேளுங்கள், நுரையீரலின் அடிப்பகுதியில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேளுங்கள், எக்கோவில் இதயத்தின் பம்ப் திறன் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பல ஆண்டு உயர் இரத்த அழுத்தத்தால் இடது கீழறை தடித்திருக்கும் நோயாளி, திரவம் கொஞ்சம் குறைந்தாலும் கொஞ்சம் கூடினாலும் தாங்கமாட்டார்.

பொட்டாசியம் அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டயாலிசிஸ் முடிந்தவுடன் எடுத்த இரத்தத்தில் பொட்டாசியம் குறைவாகவே தெரியும்; அடுத்த சில மணி நேரங்களில் செல்களுக்குள்ளிருந்து வெளியே வந்து மறுபடி ஏறும். ஆகையால் தியேட்டருக்கு ஏற்றும் முன் மறுபடியும் ஒரு மாதிரி அனுப்புங்கள். லிட்டருக்கு 5.5 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் சீனியரிடம் சொல்லாமல் நோயாளியை நகர்த்தாதீர்கள். டயாலிசிஸில் கொடுத்த ஹெப்பாரினின் தாக்கம் சில மணி நேரம் நீடிக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது படி: ஊசி எங்கே போடுவது

ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) இருக்கும் கையில் ஊசி போடக் கூடாது, இரத்த அழுத்தப் பட்டை கட்டக் கூடாது, அந்தக் கையை அழுத்தமாகச் சுற்றி உடம்போடு ஒட்டி வைக்கவும் கூடாது. பஞ்சு வைத்துத் தளர்வாகச் சுற்றி, விரலால் தொட்டு அதிர்வை உணரும்படி வைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒரு முறை தொட்டுப் பார்த்துச் சார்ட்டில் குறியுங்கள். புதிய சிறுநீரகம் உடனே வேலை செய்யாவிட்டால் அந்த ஃபிஸ்டுலாதான் நோயாளிக்கு உயிர்நாடி. இரத்த அழுத்தம் நீண்ட நேரம் தாழ்ந்திருந்தால் ஃபிஸ்டுலாவும் உறைந்துபோகும்.

மறு கையில், கூடுமானவரை புறங்கையில், 16 அல்லது 18 அளவு வென்ஃப்ளான் (சிரைக்குள் வைக்கும் ட்ரிப்ஸ் ஊசிக்குழாய்) ஒன்று போதும். முன்கைச் சிரைகளை எதிர்கால ஃபிஸ்டுலாவுக்காக விட்டுவைப்பது நல்ல பழக்கம். மணிக்கட்டுத் தமனியில் லைன் போடுவதற்கு முன்பும் இதே காரணத்துக்காக யோசியுங்கள். இதயம் பலவீனமாக இருப்பவர்களுக்கு அது தேவைப்படும், எல்லோருக்கும் தேவைப்படாது. சென்ட்ரல் லைன் வைப்பதாக இருந்தால் வலது உட்கழுத்துச் சிரையில், அல்ட்ராசவுண்ட் பார்த்து வையுங்கள். முன்பு டயாலிசிஸ் குழாய்கள் போட்டிருந்தவர்களுக்குச் சிரை சுருங்கியிருக்கலாம். தொடைச் சிரையில், அதிலும் சிறுநீரகம் பொருத்தப்போகும் பக்கத்தில், லைன் போட வேண்டாம்; அந்தப் பக்கத்து இரத்தக் குழாய்களைத்தான் கிளாம்ப் செய்யப்போகிறார்கள்.

ஏற்கெனவே இருக்கும் டயாலிசிஸ் குழாயை ட்ரிப்ஸுக்குப் பயன்படுத்தும் எண்ணத்தைத் தவிருங்கள். வேறு வழியே இல்லாமல் பயன்படுத்த நேர்ந்தால், அதற்குள் அடைத்து வைத்திருக்கும் ஹெப்பாரினை முதலில் உறிஞ்சி வெளியே எடுத்த பிறகே எதையும் செலுத்த வேண்டும்.

மூன்றாவது படி: எந்தப் பாட்டிலைத் தொங்கவிடுவது

நம் மருத்துவமனைகளில் நீண்ட காலமாக இருந்துவந்த வழக்கம் நார்மல் சலைன். அதற்குச் சொல்லப்பட்ட காரணம் எளிமையானது: சிறுநீரகம் வேலை செய்யாதவருக்குப் பொட்டாசியம் உள்ள திரவம் ஆபத்து, சலைனில் பொட்டாசியம் இல்லை, எனவே சலைன் பாதுகாப்பானது. கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் உடலுக்குள் நடப்பது வேறு.

0.9% சலைனில் லிட்டருக்கு 154 மில்லிமோல் சோடியமும் அதே அளவு குளோரைடும் இருக்கின்றன. நம் இரத்தத்தில் குளோரைடு ஏறத்தாழ 100தான். இரண்டு மூன்று லிட்டர் சலைன் வேகமாக உள்ளே போகும்போது குளோரைடு ஏறி, அமிலத்தை ஈடுகட்டும் பைகார்பனேட் நீர்த்துப்போய், இரத்தத்தில் அமிலத்தன்மை கூடுகிறது. அப்படிக் கூடும்போது செல்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வருகிறது. உடலில் உள்ள பொட்டாசியத்தில் ஏறக்குறைய 98% செல்களுக்குள்தான் இருக்கிறது என்பதால், அதில் சிறு பங்கு வெளியே நகர்ந்தாலே மானிட்டரில் ஈ.சி.ஜி.யின் டி அலை உயரப் போதுமானது. ரிங்கர் லாக்டேட்டில் (ஆர்.எல்.) இருக்கும் பொட்டாசியமோ லிட்டருக்கு 4 மில்லிமோல் மட்டுமே. பொட்டாசியம் 5.2 உள்ள நோயாளிக்கு 4 உள்ள திரவத்தைக் கொடுத்தால், அந்தத் திரவமே அவருடைய அளவை 5.2க்கு மேல் ஏற்றிவிட முடியாது என்பதை ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு உங்களுக்கு ஆர்.எல். பாட்டிலைப் பார்த்துப் பயம் வராது.

இது காகிதக் கணக்கோடு நின்றுவிடவில்லை. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையின்போது சலைன் பெற்ற 26 பேரில் 5 பேருக்குப் பொட்டாசியம் 6ஐத் தாண்டியது. ரிங்கர் லாக்டேட் பெற்ற 25 பேரில் ஒருவருக்கும் தாண்டவில்லை. அதைவிடப் பெரிய விடை 2023இல் லான்செட் இதழில் வந்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 16 மருத்துவமனைகளில், இறந்த கொடையாளரிடமிருந்து சிறுநீரகம் பெற்ற 800க்கும் மேற்பட்டோரிடம் நடந்த பெஸ்ட்-ஃப்ளூயிட்ஸ் ஆய்வு அது. அறுவை சிகிச்சையின்போதும் அதன் பின் 48 மணி நேரம் வரையிலும் ஒரு பிரிவினருக்குச் சலைனும், மறு பிரிவினருக்கு, உப்புகள் இரத்தத்தில் உள்ளதை ஒட்டிய அளவில் இருக்கும் சமநிலைத் திரவமான பிளாஸ்மாலைட்டும் கொடுத்தார்கள். முதல் ஏழு நாட்களுக்குள் டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் சலைன் பிரிவில் 40%, பிளாஸ்மாலைட் பிரிவில் 30%. பாட்டிலை மாற்றுவதைத் தவிர வேறு எதுவும் செய்யாமல் பத்துப் பேரில் ஒருவரை டயாலிசிஸிலிருந்து காப்பாற்ற முடிகிறது என்பது சாதாரண விஷயமல்ல.

பிளாஸ்மாலைட் போன்ற சமநிலைத் திரவம் ஸ்டோரில் இருந்தால் அதையே எடுங்கள். அதிலும் லிட்டருக்கு 5 மில்லிமோல் பொட்டாசியம் உண்டு. மேலே சொன்ன அதே நியாயம் அதற்கும் பொருந்தும். அது இல்லாத இடத்தில் ஆர்.எல். நல்ல தேர்வு. ஆர்.எல்.லில் கால்சியம் இருப்பதால், இரத்தம் ஏற்றும் அதே லைனில் அதை ஓடவிட வேண்டாம். உங்கள் யூனிட்டில் இன்னும் சலைன்தான் நெறிமுறை என்றால், கேஸ் நடுவே வாதம் செய்யாமல், இந்த ஆய்வுகளோடு துறைக் கூட்டத்தில் பேசுங்கள். தனியாக எடுக்கும் முடிவைவிட யூனிட் முழுவதும் சேர்ந்து மாறுவதே நோயாளிக்குப் பாதுகாப்பு.

ஸ்டார்ச் கலந்த திரவங்களைத் தொடவே வேண்டாம். அவை சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்கின்றன என்பதற்குப் போதுமான சான்றுகள் வந்துவிட்டன. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றின் விற்பனை அனுமதியையே நிறுத்திவைத்தது. அல்புமின் எல்லோருக்கும் தேவையில்லை. நிறைய திரவம் கொடுத்தும் அழுத்தம் ஏறாதபோது, அல்லது இரத்தத்தில் அல்புமின் மிகக் குறைவாக உள்ளவருக்கு, சீனியரின் முடிவுப்படி கொடுக்கலாம். டெக்ஸ்ட்ரோஸ் திரவங்கள் இன்சுலினோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய தேவை இருந்தாலொழிய இங்கே வேலைக்கு ஆகாது.

நான்காவது படி: மயக்கம் கொடுத்ததிலிருந்து கிளாம்ப் போடும் வரை

இந்தப் பகுதியில் அவசரம் இல்லை. வறண்டு வந்திருப்பவருக்கு மயக்க மருந்துக்கு முன்பே 250 மில்லி முதல் 500 மில்லி வரை கொடுத்துத் தொடங்குங்கள். பிறகு கிலோவுக்கு மணிக்கு 5 முதல் 10 மில்லி என்ற வேகம் பெரும்பாலானோருக்குச் சரியாக இருக்கும். அடிவயிற்றின் ஒரு பக்கம், குடலைச் சூழ்ந்த உறையான பெரிட்டோனியத்தைத் திறக்காமலேயே இந்த அறுவை சிகிச்சை நடப்பதால், குடல் அறுவை சிகிச்சையில் போல் ஆவியாகும் நீருக்கென்று தாராளமாகச் சேர்க்க வேண்டியதில்லை. திரவத்தைச் சூடேற்றிக் கொடுங்கள்.

ஐந்தாவது படி: தையல் நேரமும் கிளாம்ப் திறப்பும்

முழு அறுவை சிகிச்சையிலும் உங்கள் கவனம் முழுமையாக இருக்க வேண்டிய நேரம் இது. பனிக்கட்டிப் பாத்திரத்திலிருந்து சிறுநீரகம் வெளியே வந்ததும் முதலில் சிரையை இணைப்பார்கள், அடுத்து தமனியை. வழக்கமாக இரண்டும் சேர்ந்து முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். சர்ஜன் தமனித் தையலைத் தொடங்கும்போது உங்கள் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் திரைக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மொபைலையும் சார்ட்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று புரியவில்லை என்றால் வாய்விட்டுக் கேளுங்கள். "சார், இன்னும் எத்தனை நிமிஷம்?" என்ற கேள்விக்கு எந்தச் சர்ஜனும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ட்ரிப்ஸ் வேகத்தை இப்போது கூட்டுங்கள். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கிளாம்ப் திறப்பதற்குள் மொத்தம் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை உள்ளே போயிருக்கும்படி பார்த்துக்கொள்வேன். பலவீனமான இதயம் உள்ளவருக்கு இது குறையும், டயாலிசிஸில் அதிகம் எடுக்கப்பட்டவருக்குக் கூடும். 250 மில்லியாகக் கொடுத்து, இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் எப்படி மாறுகின்றன என்று பார்த்து, அடுத்த 250 மில்லிக்குப் போவது பாதுகாப்பான முறை.

சென்ட்ரல் லைனில் தெரியும் சிரை அழுத்தத்தை 10 முதல் 15க்குள் வைக்க வேண்டும் என்று பழைய பாடங்களில் இருக்கும். அந்த ஒற்றை எண்ணை நம்பித் திரவம் கொட்டுவது இப்போது ஏற்கப்படுவதில்லை. உடல் திரவத்துக்கு எப்படிப் பதிலளிக்கும் என்பதை அது சரியாகச் சொல்வதில்லை. தமனி லைன் இருந்தால், மூச்சுக்கு மூச்சு நாடியழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்பதைப் பாருங்கள். அந்த மாற்றம் 13%க்கு மேல் இருந்தால் இன்னும் திரவம் பயன் தரும் என்று பொருள். ஆனால் அது வென்டிலேட்டரில் கிலோவுக்கு 8 மில்லி அளவு மூச்சு கொடுக்கும்போதும், இதயத் துடிப்பு ஒழுங்காக இருக்கும்போதும் மட்டுமே நம்பத்தக்கது.

சிறுநீரைப் பெருக்கும் மேனிட்டால் கொடுப்பது உங்கள் யூனிட்டின் வழக்கமாக இருந்தால், கிளாம்ப் திறப்பதற்குச் சற்று முன்பாக, கிலோவுக்கு 0.25 முதல் 0.5 கிராம் என்ற கணக்கில் கொடுக்கப்படும். 20% மேனிட்டாலின் 100 மில்லி பாட்டிலில் 20 கிராம் இருக்கிறது. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே படிகம் கட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே இணையுங்கள். ஏசி குளிரில் இருந்த பாட்டில்களில் இது நேரும். மேனிட்டால் முதலில் நீரை இரத்தக் குழாய்க்குள் இழுக்கும். புதிய சிறுநீரகம் உடனே சிறுநீர் விடாவிட்டால் அந்த நீர் அங்கேயே தங்கி, நுரையீரலுக்குச் சுமையாகும். ஆகவே இரண்டாவது பாட்டிலைப் பழக்க தோஷத்தில் தொங்கவிடாதீர்கள். ஃப்ரூசமைட் ஊசி பல இடங்களில் கொடுக்கப்படுகிறது. அது சிறுநீரின் அளவைக் கூட்டலாம், ஆனால் சிறுநீரகத்தின் ஆயுளைக் கூட்டுகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. "சிறுநீரக அளவு டோபமின்" என்று சொல்லிக் கொடுத்துவந்த மருந்தை இன்று பெரும்பாலோர் கைவிட்டுவிட்டனர்.

கிளாம்ப் திறக்கும் முன், சராசரி இரத்த அழுத்தம் 80 முதல் 90 மி.மீ. பாதரசத்துக்குள்ளும், மேல் அழுத்தம் 120 முதல் 140க்குள்ளும் இருக்கட்டும். வீட்டில் 160க்கு மேலேயே இருந்து பழகிய நோயாளிக்கு 120 என்பது தாழ்வுதான். அவரவர் வழக்கமான அளவை ஒட்டியே இலக்கு வையுங்கள். மயக்க வாயுவைச் சற்றுக் குறைப்பது பல நேரங்களில் போதும்.

திறந்தவுடன் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பாருங்கள். சாம்பல் நிறத்தில் தொளதொளவென்று இருந்த உறுப்பு சில நொடிகளில் இளஞ்சிவப்பாகி விறைக்கிறது. அதே நொடிகளில் மானிட்டரில் அழுத்தம் இறங்கும். நோயாளியின் இரத்தத்தில் ஒரு பங்கு புதிய உறுப்புக்குள் போகிறது, தையல் ஓரங்களில் கசிவு இருக்கும், காலிலும் சிறுநீரகத்திலும் தேங்கிய அமிலமும் பொட்டாசியமும் திரும்பி வருகின்றன. கையில் 250 மில்லி போலஸ் (ஒரே தவணையில் வேகமாகக் கொடுக்கும் திரவம்) தயாராக இருக்கட்டும். சர்ஜன் சிறுநீரகத்தைத் தொட்டுப் பார்த்து, "சாஃப்ட்டா இருக்கே, பிரஷர் எவ்ளோ?" என்று கேட்டால், அதை விசாரணையாக எடுத்துக்கொள்ளாமல் மிக மதிப்புள்ள தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். அவர் விரல் நுனியில் உணர்வதை நம் மானிட்டர் காட்டுவதில்லை.

திரவம் போதுமான அளவு போன பிறகும் அழுத்தம் ஏறவில்லை என்றால், இன்னொரு லிட்டர் ஊற்றுவது விடையாகாது. சிறிய அளவில் நார்அட்ரினலின் தொடங்கலாம். வறண்ட நோயாளிக்கு இரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்தைக் கொடுத்து எண்ணை மட்டும் அழகாக்கினால், முதலில் பட்டினி கிடப்பது புதிய சிறுநீரகம்தான். இரத்தக் கசிவு இருக்கிறதா என்று சர்ஜனைக் கேட்பதும், எதிர்ப்பாற்றலைக் குறைக்க ஓடிக்கொண்டிருக்கும் ஏ.டி.ஜி. போன்ற மருந்து அழுத்தத்தை இறக்குகிறதா என்று பார்ப்பதும் அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியவை.

திரவம் அளவு மிஞ்சுவதன் அடையாளங்களும் தெரிந்திருக்கட்டும்: வென்டிலேட்டரில் காற்று அழுத்தம் மெல்ல ஏறுவது, ஆக்சிஜன் அளவு 100இலிருந்து 96, 95 என்று நழுவுவது, நுரையீரலில் பொரிவதுபோன்ற சத்தம். இவை தெரிந்தால் ட்ரிப்ஸை நிறுத்திவிட்டுச் சீனியரைக் கூப்பிடுங்கள்.

ஆறாவது படி: சிறுநீரைச் சரியாக அளப்பது

புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. யூரேட்டரை (சிறுநீரகத்திலிருந்து வரும் சிறுநீர்க் குழாயை) சிறுநீர்ப்பையோடு இணைப்பதற்கு முன், புதிய சிறுநீரகம் விடும் சிறுநீர் அறுத்த இடத்துக்குள்ளேயே சொட்டுகிறது. சக்‌ஷன் பாட்டிலுக்கும் மாப்புக்கும் போகிறது. அதை அளக்க முடியாது, பார்க்கத்தான் முடியும். யூரேட்டரின் வெட்டு முனையிலிருந்து சொட்டுவது தெரிந்தால் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, தையலுக்கு வசதியாகச் சிறுநீர்ப்பையை விரிக்க, சிறுநீர்ப்பையில் வைத்திருக்கும் ஃபோலி குழாய் வழியே சலைனை உள்ளே ஏற்றுவார்கள். சில நேரம் 200 மில்லி, சில நேரம் அதற்கும் மேல். பிறகு ஃபோலி குழாயின் கிளாம்பைத் திறந்தவுடன் பையில் வந்து விழுவது பெரும்பாலும் அந்தச் சலைன். "300 மில்லி யூரின் வந்துவிட்டது" என்று மகிழ்ந்து, அதற்கு ஈடாக 300 மில்லி திரவமும் கொடுத்தால், இரண்டு தவறுகள் ஒன்றாகச் சேர்கின்றன. உள்ளே எவ்வளவு ஏற்றினார்கள் என்பதைச் சிஸ்டரிடம் கேட்டு எழுதுங்கள். பையைக் காலி செய்து, அந்த நிமிடத்திலிருந்து புதிய கணக்குத் தொடங்குங்கள். பழைய சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் விடும் நோயாளியாக இருந்தால், வருவதெல்லாம் புதியதன் உழைப்பு என்று எண்ணிவிட முடியாது. முந்தைய மாலை கேட்ட நான்காவது கேள்வியின் பயன் இங்கேதான்.

பொட்டாசியமும் இரத்தமும்

தொடக்கத்தில் ஒன்று, கிளாம்ப் திறந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒன்று, முடியும்போது ஒன்று என்று இரத்த வாயுப் பரிசோதனை செய்யுங்கள். உறுப்பைப் பாதுகாக்கும் கரைசல்களில் ஒன்றான விஸ்கான்சின் கரைசலில் லிட்டருக்கு 120 மில்லிமோலுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. சரியாகக் கழுவப்படாத உறுப்பிலிருந்து அது கலக்க வாய்ப்பு உண்டு. ஈ.சி.ஜி.யில் மாற்றம் தெரிந்தால் 10% கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லியை மெதுவாகக் கொடுங்கள், பிறகு 10 யூனிட் இன்சுலினை 25 கிராம் டெக்ஸ்ட்ரோஸோடு கொடுங்கள். சர்க்கரை அளவை அதன் பின் பல மணி நேரம் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

இரத்தம் ஏற்றுவதைக் கூடுமானவரை தவிருங்கள். ஒவ்வொரு பாட்டிலும் நோயாளியின் உடலில் அந்நிய அணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருளை உருவாக்கக்கூடும். ஹீமோகுளோபின் 7, 8 என்றே பழகியவர்கள் பலர். தேவைப்பட்டால் வெள்ளையணு நீக்கிய இரத்தமாகக் கேளுங்கள்.

பக்கத்துத் தியேட்டரில் இருக்கும் கொடையாளர்

உயிருடன் இருக்கும் கொடையாளராக இருந்தால் அவருடைய திரவமும் இந்தச் சிறுநீரகத்தின் கணக்கில் சேர்ந்ததுதான். லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் ஏற்றும் வாயு சிறுநீரக இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. நன்றாக நீரேற்றி வைத்தால் அந்தக் குறைவு ஓரளவு ஈடாகும். இங்கே கொடையாளர்களில் பெரும்பாலோர் தாய்மார்களும் மனைவிமாரும்தான். எந்த நோயும் இல்லாமல் மேசையில் படுத்திருக்கும் அவர்கள்மீது வைக்கும் கவனம் ஒரு துளியும் குறையக் கூடாது.

கடைசிப் படி: ஒப்படைப்பும் முதல் இரவும்

ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோகும்போது வாயால் சொல்வதோடு நில்லாமல் தாளில் எழுதிக் கொடுங்கள்: டிரை வெயிட், மொத்தம் போன திரவம், அதில் எது எவ்வளவு, இரத்த இழப்பு, கிளாம்ப் திறந்த நேரம், அதன் பின் உண்மையாக வந்த சிறுநீர், கடைசிப் பொட்டாசியம், ஃபிஸ்டுலாவில் அதிர்வு இருக்கிறதா என்பது.

முதல் சில மணி நேரங்களில், முந்தைய மணி நேரத்தில் வந்த சிறுநீரின் அளவோடு ஏறத்தாழ 30 மில்லி சேர்த்து அடுத்த மணி நேரத்துக்குக் கொடுப்பது பொதுவான முறை. உறவினர் தந்த சிறுநீரகம் மணிக்கு அரை லிட்டர், ஒரு லிட்டர் என்றுகூட விடலாம். அப்போது முழுவதையும் ஈடுசெய்துகொண்டே போனால் நாமே அந்தப் பெருக்கை வளர்ப்போம். யூனிட்டின் நெறிமுறைப்படி முக்கால், பாதி என்று குறைத்துக்கொண்டு வர வேண்டும். நான்கு முதல் ஆறு மணிக்கு ஒரு முறை சோடியமும் பொட்டாசியமும் பாருங்கள். இப்போது பொட்டாசியம் குறையத் தொடங்கும். ஆனால் ரிப்போர்ட் கைக்கு வராமல் பொட்டாசியம் சேர்க்காதீர்கள்.

நன்றாக வந்துகொண்டிருந்த சிறுநீர் திடீரென்று நின்றால், ட்ரிப்ஸைத் திறந்துவிடுவதற்கு முன் ஃபோலி குழாயைப் பாருங்கள். மடங்கியிருக்கிறதா, இரத்தக் கட்டி அடைத்திருக்கிறதா? அடைப்பு என்று தோன்றினால் யூனிட்டின் முறைப்படி, சுத்தமாக, குறைந்த அளவு சலைனால், அழுத்தம் தராமல் கழுவ வேண்டும். உள்ளே இருப்பது புதிய தையல். குழாய் சரியாக இருந்தால் இரத்த அழுத்தம், பின்பு வயிறு வீங்கியிருக்கிறதா என்பது, காயத்தில் வைத்த டிரெயின் குழாயில் என்ன வருகிறது என்பது. இவை பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதற்குள் விடை கிடைக்காவிட்டால், இரவு இரண்டு மணியானாலும், சர்ஜனையும் சிறுநீரக மருத்துவரையும் கூப்பிட்டு உடனே டாப்ளர் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) கேளுங்கள். தமனியிலோ சிரையிலோ உறைவு ஏற்பட்டிருந்தால் அந்தச் சிறுநீரகத்தைக் காப்பாற்றக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு; ஒரு போலஸ் கொடுத்துவிட்டுக் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்க அது இடம் தராது.